தொட்டியைக் கவிழ்த்த டாக்டர்



மார்கழி பிறந்தால் கொசு செத்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். போன வருஷம் டிசம்பரில், ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்ச் சோதனையைப் பொங்கல் வரை நிறுத்தலாம் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். பொங்கல் கழிந்த சில நாட்களில் எங்கள் தளத்திலேயே ஒரு சிறுமி டெங்குவில் படுத்துவிட்டாள். தேறிவிட்டாள், ஆனாலும் அந்த வாரம் அவள் பெற்றோரை லிஃப்டில் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அதன் பிறகுதான் ரொனால்டு ராஸைப் பற்றித் தேடிப் படித்தேன்.

ராஸ் 1857-இல் நம் நாட்டு அல்மோராவில் பிறந்தவர். அப்பா ராணுவ அதிகாரி. பையனுக்குக் கவிதையிலும் கணக்கிலும்தான் ஆசை. அப்பாவுக்காக லண்டனில் மருத்துவம் படித்து, 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். 1883-இல் பெங்களூரில் இருந்தபோது அவர் பங்களாவில் கொசு தாங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி, அதில் நெளியும் புழுக்கள். தொட்டியைக் கவிழ்த்தார், கொசு குறைந்தது. மற்ற இடங்களிலும் இப்படிச் செய்யலாமே என்று ஓர் அதிகாரியிடம் சொன்னதற்கு, அது இயற்கைக்கு விரோதம் என்று அவர் மறுத்துவிட்டாராம். நம் பொதுக்குழுக் கூட்டம் உங்களுக்கு நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.

அன்று மலேரியாவுக்குக் கெட்ட காற்றைக் காரணம் சொன்னார்கள். அந்தப் பெயரின் பொருளே அதுதான். இன்று நாம் டிசம்பர் காய்ச்சலுக்கெல்லாம் பனியைக் காரணம் சொல்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். 1894-இல் லண்டனில் பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர், கொசுவைப் பார் என்று ராஸுக்கு வழிகாட்டினார். 1897-இல் விடுப்பில் உதகைக்குப் போன ராஸ், சீகூர் மலைச்சரிவில் மலேரியாவைத் தேடப் போய்த் தானே அதில் படுத்தார்.

பிறகு செகந்திராபாத். உசேன் கான் என்ற நோயாளியைக் கடிக்கும் கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி. (பதினாறு கடிக்கு ஒரு ரூபாய்! வங்கியில் இருந்தவன், கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை.) அறுத்த கொசு பறந்துவிடும் என்று விசிறி கூடப் போடாமல், வியர்வையில் மைக்ராஸ்கோப்பின் திருகாணி துருப்பிடிக்க உட்கார்ந்திருந்தார். 1897 ஆகஸ்ட் 20 அன்று ஒரு கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அடுத்த மாதமே ராஜபுதனத்துக்கு மாற்றல். அங்கே மலேரியாவே அபூர்வம். மாற்றல் ஆர்டர் வாங்கியவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் புரியும். 1898-இல் கல்கத்தாவில் பறவைகளை வைத்து வேலையைத் தொடர்ந்து, ஜூலையில் கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து, கடி வழியே பரவுவதைக் காட்டினார். 1902-இல் நோபல் பரிசு. 1932-இல் லண்டனில் காலமானார்.

டெங்குக் கொசு வேறு இனம். ஆனால் கவிழ்க்க வேண்டியது அதே தொட்டிதான். குளிரில் கொசு மந்தமாகும், ஒழியாது. உறைபனி நாடுகளிலேயே சில இனப் பெண்கொசுக்கள் நிலவறைகளில் ஒடுங்கிக் குளிர்காலத்தைத் தாண்டிவிடுகின்றன. நம் சென்னையில் ஜனவரி விடியற்காலையே ஏறக்குறைய 20 டிகிரி. கொசுவுக்கு அது குளிரே இல்லை. போதாததற்கு ஐப்பசி, கார்த்திகை மழை விட்டுப்போன தண்ணீர் வேறு. சாக்கடையில்தான் கொசு வரும் என்பதும் தப்பு. டெங்குக் கொசுவுக்கு நல்ல தண்ணீர் போதும். அதன் முட்டை காய்ந்த பாத்திரத்தின் சுவரில் மாதக்கணக்கில் ஒட்டிக் கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்தும் கழுவ வேண்டும்.

இந்த டிசம்பரிலும் சோதனையை நிறுத்தும் பேச்சு வரும் போலிருக்கிறது. நான் கை தூக்கப் போவதில்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு மொட்டை மாடியில் இருப்பேன். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டை மட்டும் நீங்களே பார்த்துக் கொட்டிவிடுங்கள்.