அடிநாதமாய் ஒலித்தவர்: சார்ல்ஸ் மிங்கஸ்

இசைக்குழுவில் பாடகரின் குரலும் டிரம்பெட்டின் முழக்கமும் எல்லார் காதிலும் விழும். பின்னால் நின்று ஆளுயர டபுள் பாஸை மீட்டுபவரைப் பலர் கவனிப்பதில்லை. ஆனால், அவர் தவறினால் பாட்டே தடுமாறும். அந்தப் பின்வரிசையிலிருந்து ஜாஸ் உலகையே திரும்பிப் பார்க்க வைத்தவர் சார்ல்ஸ் மிங்கஸ்.

1922 ஏப்ரல் 22-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பிறந்த மிங்கஸ், லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் வளர்ந்தார். சிறுவயதில் செல்லோ கற்றார். ஆனால், கறுப்பின இளைஞர்களுக்கு மேற்கத்தியச் செவ்வியல் இசைக்குழுக்களின் கதவுகள் அன்று திறக்கவில்லை. எனவே, அவர் டபுள் பாஸுக்கு மாறினார். லூயிஸ் ஆம்ஸ்ட்ராங், லயனல் ஹாம்ப்டன் ஆகியோரின் குழுக்களில் வாசித்துத் தேர்ந்தார். டியூக் எலிங்டனைத் தம் ஆதர்சமாகப் போற்றினார். எனினும், முன்கோபம் அவரை விடவில்லை. 1953-இல் சக கலைஞரோடு மோதியதால் எலிங்டன் குழுவிலிருந்தே சில நாள்களில் வெளியேற நேர்ந்தது.

பிறர் கதவைத் தட்டிக் காத்திருக்க விரும்பாத அவர், 1952-இல் டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச்சுடன் இணைந்து 'டெபியூ' என்னும் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். கலைஞனின் இசை கலைஞனின் கையிலேயே இருக்க வேண்டும் என்பதே நோக்கம். 1953 மே 15-இல் டொராண்டோவின் மாசி அரங்கில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி, பட் பவல் ஆகியோருடன் இவ்விருவரும் வாசித்த நிகழ்ச்சியை இந்நிறுவனமே இசைத்தட்டாக்கியது. பதிவில் தம் பாஸ் ஒலி மங்கியிருந்ததால், மிங்கஸ் அதனைப் பின்னர் மீண்டும் வாசித்துச் சேர்த்தார்.

1957-இல் லிட்டில் ராக் நகரில் 9 கறுப்பின மாணவர்கள் உயர்நிலைப்பள்ளியில் நுழைவதை ஆளுநர் ஃபாபஸ் படை நிறுத்தித் தடுத்தார். அவரை எள்ளி நகையாடி மிங்கஸ் ஒரு பாடல் இயற்றினார். 1959-இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட தட்டில் அது சொற்களின்றி வெறும் இசையாகவே ஒலித்தது. மறு ஆண்டு, கேண்டிட் என்னும் சிறு நிறுவனத்தில் சொற்களோடு பாடிப் பதிவு செய்தார்.

1977-இல் தசைகளை முடக்கும் நரம்பு நோய் அவரைத் தாக்கியது. விரல்கள் ஓய்ந்தபோதும் மெட்டுகளை ஒலிநாடாவில் பாடிப் பதிந்தார். 1979 ஜனவரி 5-இல் மெக்சிகோவில் மறைந்தார். அவர் விரும்பியபடியே மனைவி சூ அவரது அஸ்தியைக் கங்கையில் கரைத்தார். அவர் விட்டுச்சென்ற, இரண்டு மணி நேரத்துக்கும் மேலான 'எபிடாஃப்' 1989-இல் நியூயார்க்கில் முழுமையாக அரங்கேறியது. 1993-இல் அவரது இசைப்படிகளை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வாங்கிப் பாதுகாத்தது.

செல்லோ ஏந்திய சிறுவனுக்கு இடம் தராத நாடு, அவன் எழுதிய தாள்களைத் தேசியச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. பின்வரிசையில் நிற்பவனாலும் தன் படைப்புக்குத் தானே உரிமையாளனாக முடியும் என்பதே மிங்கஸின் வாழ்க்கை நமக்கு விட்டுச்சென்ற பாடம்.