நாடியை எண்ணிய மருத்துவர்: வில்லியம் விதரிங்

நீங்களோ உங்கள் பராமரிப்பில் உள்ளவரோ டிகாக்சின் மாத்திரை உட்கொள்பவராக இருக்கலாம். அம்மாத்திரை சார்ந்த டிஜிட்டாலிஸ் மருந்தை முறையாக ஆராய்ந்தவர் இங்கிலாந்து மருத்துவரும் தாவரவியலாளருமான வில்லியம் விதரிங் (1741–1799).

ஷ்ராப்ஷயரில் பிறந்து எடின்பரோவில் மருத்துவம் பயின்ற இவரிடம், 1775-ஆம் ஆண்டில் ஒரு மூதாட்டியின் குடும்ப மருந்து குறித்துக் கருத்துக் கேட்கப்பட்டது. நீர் கோத்து உடல் வீங்கியோர் சிலர் அதனால் நலமடைந்திருந்தனர். அதில் சேர்ந்த இருபது வகை மூலிகைகளுள் வேலை செய்தது ஃபாக்ஸ்குளோவ் என்னும் பூச்செடியே என்று விதரிங் கண்டுகொண்டார்.

பத்தாண்டுக் கால அனுபவத்தை 1785-இல் நூலாக வெளியிட்டார். குணமடைந்தோரை மட்டுமன்றி, பயன்பெறாதோரையும் அதில் பதிவு செய்தார். தொடக்கத்தில் தாமே அளவு மீறிக் கொடுத்ததையும் மறைக்கவில்லை. மருத்துவர்களிடம் அரிதாகக் காணப்படும் பண்பு இது. யார்க்ஷயர் வணிகர் ஒருவரின் மனைவி, கைப்பிடி பச்சை இலையை அரை பைண்ட் நீரில் வேகவைத்துக் கணவருக்குக் கொடுத்துவிட்டார். விதரிங் சென்று பார்த்தபோது அவர் ஓயாது வாந்தியெடுத்தார், பார்வை மங்கியிருந்தது, நாடி நிமிடத்திற்கு 40 மட்டுமே. மருந்தை அறிந்திருந்த அப்பெண் அதன் அளவை அறியவில்லை. கணவர் மயிரிழையில் உயிர் பிழைத்தார்.

குமட்டல், தலைசுற்றல், பொருள்கள் மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரிதல், நாடி 35 வரை தளர்தல், மயக்கம் ஆகியவற்றை அவர் நச்சு அறிகுறிகளாக எழுதினார். வெளிநோயாளர் பிரிவில் இன்றும் நாங்கள் இவற்றையே விசாரிக்கிறோம். இவற்றுள் எது தோன்றினாலும் அடுத்த வேளை மாத்திரைக்கு முன் மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். மயக்கம் ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மாற்று இதயம் பெற்றவருக்கு இம்மருந்து வேறுவிதமாகச் செயல்படும். டிகாக்சின் பெரும்பாலும் வேகஸ் நரம்பின் வழியாகவே துடிப்பைத் தணிக்கிறது. அறுவைச் சிகிச்சையில் அந்நரம்புத் தொடர்பு துண்டிக்கப்படுவதால், எதிர்பார்த்த அளவு துடிப்பு குறையாது. ஆயினும் நச்சுத்தன்மை நீங்குவதில்லை. உறுப்பு நிராகரிப்பைத் தடுக்கக் கொடுக்கப்படும் சைக்ளோஸ்போரின், இரத்தத்தில் டிகாக்சின் அளவை உயர்த்தக்கூடும். சளி, இருமலுக்கு எழுதப்படும் கிளாரித்ரோமைசின் இவ்விரண்டின் அளவையும் உயர்த்தும். எனவே, புதிய மருந்து எதுவாயினும், நாட்டு மருந்து உட்பட, உங்கள் மாற்று இதயச் சிகிச்சைக் குழுவிடம் காட்டிய பின்னரே தொடங்குங்கள்.