வேலணை தந்த சபாநாயகர்: சேர் வைத்தியலிங்கம் துரைசுவாமி

சங்கங்களைத் தொடக்குதல் எளிது. அவற்றைப் பிளவுறாது காத்தல் அரிது. ஒரே நோக்கத்திற்காகக் கூடியவர்கள் ஓர் ஆசனத்தின் பொருட்டு இரு கூறாகப் பிரிந்து நிற்பதை நம் நாட்டு வரலாறு பலமுறை கண்டிருக்கின்றது. அத்தகைய பிளவுகள் மலிந்த காலத்திற் பொதுவாழ்விற் புகுந்து, கட்சியினும் கொடுத்த வாக்கே பெரிதென நின்றவர் தீவகத்துப் பெரியார் சேர் வைத்தியலிங்கம் துரைசுவாமி அவர்கள். இந்துக் கல்லூரியின் பழைய மாணவராகிய அன்னாரின் வரலாறு இவ்விழா மலரில் இடம்பெறத் தக்கது.

துரைசுவாமி அவர்கள் 1874 ஆம் ஆண்டு யூன் மாதம் 8 ஆந் திகதி பிறந்தார். தந்தையார் வேலணையைச் சேர்ந்த வைத்தியலிங்கம். மலாயாவிற் பொறியியலாளராகப் பணியாற்றியவர். அக்காலத்தில் வேலணைக்கும் யாழ்ப்பாண நகருக்கும் இடையே பண்ணைப் பாலம் இல்லை. கல்வியையோ வாணிகத்தையோ நாடிய தீவகத்தார் கடல் கடந்தே பட்டினம் சேர்ந்தனர். யாழ்ப்பாண இந்துக் கல்லூரியிற் பயின்ற துரைசுவாமி வங்கம் சென்று கல்கத்தாப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்று மீண்டார். பின்னர் அப்புக்காத்தாகிப் புகழெய்தினார். கல்லூரியின் நிருவாகத்திலும், 1923 இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் பணியிலும் பங்குகொண்டார். யாழ்ப்பாணச் சங்கத்தின் முன்னணியில் நின்றோருள்ளும் அவர் ஒருவர்.

அக்காலத்து அரசியல் ஒற்றுமை ஒரு கடிதத்தின் மேல் எழுந்ததாகும். மேல்மாகாணத்திலே தமிழருக்கு ஓர் ஆசனம் கிடைக்க ஆதரவளிப்பதாக, சேர் யேம்ஸ் பீரிசும் ஈ. ஜே. சமரவிக்கிரமவும் 1918 டிசம்பரில் எழுத்தில் வாக்களித்தனர். அதனை நம்பியே யாழ்ப்பாணச் சங்கம் தெற்கிலுள்ளோருடன் இணங்கிற்று. 1919 இல் இலங்கைத் தேசிய காங்கிரஸ் உருவாகி, சேர் பொன்னம்பலம் அருணாசலம் அதன் முதற் தலைவரானார். இரண்டாண்டுகள் கழிவதற்குள் அவ்வாக்குறுதி கைவிடப்பட்டது. அருணாசலம் காங்கிரஸை விட்டு நீங்க, 1921 இல் தமிழர் மகாசன சபை தோன்றியது. கட்டியவரே வெளியேறும்படி நேர்ந்த வீடாயிற்று காங்கிரஸ்.

அதே 1921 ஆம் ஆண்டில் துரைசுவாமி வடமாகாணப் பிரதிநிதியாகச் சட்டநிரூபண சபைக்குத் தெரிவுசெய்யப்பெற்றார். பிளவுக்குப் பின்னும் அவர் உறவின் வாயிலை அடைத்துவிடவில்லை. 1925 யூன் 28 இல், காங்கிரஸ் தலைவர் சி. ஈ. கொரயா முதலியோரும் தமிழ்த் தலைவர்களும் யாழ்ப்பாணத்தில் அவரது இல்லத்திலே கூடி உடன்படிக்கை ஒன்று செய்தனர். சிங்களப் பிரதிநிதிகள் இருவருக்குத் தமிழ்ப் பிரதிநிதி ஒருவர் என்ற விகிதமும், மேல்மாகாணத்து ஆசனமும் அதன் சாரம். இல்லத்தின் பெயரால் அது மகேந்திரா உடன்படிக்கை என வழங்கலாயிற்று. ஆயின் எழுதப்பட்டது நடைமுறைக்கு வரவில்லை. 1927 இல் வந்த டொனமூர் ஆணைக்குழு இனவாரிப் பிரதிநிதித்துவத்தையே நீக்கும்படி விதந்துரைத்தபோது, உடன்படிக்கைக்கு இடமேயில்லாது போயிற்று.

1931 ஆம் ஆண்டிற் பெருஞ்சோதனை வந்தது. டொனமூர்த் திட்டம் முழுச் சுயராச்சியம் தரவில்லை என்ற காரணத்தால், யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி மக்களை வேண்டிற்று. ஹன்டி பேரின்பநாயகம் போன்ற கிறிஸ்தவரும் சைவ வாலிபரும் தோளோடு தோள் நின்ற இயக்கம் அது. பத்தாண்டுகள் சட்டநிரூபண சபையில் இருந்த துரைசுவாமி போட்டியிடாது விலகி, பகிஷ்காரத்தின் பக்கம் நின்றார். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை.

தெற்கும் உடன்வரும் என்ற நம்பிக்கை பொய்த்தது. ஐம்பது ஆசனங்களில் நான்கு மட்டும் வெறுமையாய்க் கிடக்க, சபை தன் வழியே நடந்தது. பகிஷ்காரத்தை எதிர்த்தோருள் ஜீ. ஜீ. பொன்னம்பலம் முன்னின்றார். நாடு பிளவுபட்டதோடு யாழ்ப்பாணமும் தனக்குள் பிளவுபட்டது. வாக்குரிமையை முதன்முதற் பெற்ற தீவகத்து ஏழை மக்களும் பெண்களும் அதனைப் பயன்படுத்த மூன்றாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. இக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு என்பதை மறுத்தலாகாது. எனினும், கூடியெடுத்த முடிவுக்காகத் தம் ஆசனத்தைத் துறந்தவரைத் தன்னலக்காரர் என ஒருவரும் கூறல் இயலாது. 1934 இல் நடந்த இடைத்தேர்தலில் இந்துக் கல்லூரியின் முன்னாள் அதிபர் நெவின்ஸ் செல்வதுரை ஊர்காவற்றுறையின் பிரதிநிதியானார். 1936 இல் அத்தொகுதி துரைசுவாமியைத் தெரிவுசெய்தது.

அவ்வாண்டிலே அவர் அரசாங்க சபையின் சபாநாயகரானார். அதே சபையில் அமைந்த மந்திரிகள் எழுவரும் சிங்களவர். தமிழ் மக்கள் மனம் புழுங்கிய அவ்வேளையில், மந்திரி சபையில் ஒரு தமிழருமில்லை. அக்கிராசனத்தில் வேலணைத் தமிழர் வீற்றிருந்தார். 1937 இல் சேர் பட்டம் பெற்றார். 1939 இல் ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கை சபையில் முழங்கியதும், 1944 இல் அரசகரும மொழிப் பிரேரணை விவாதிக்கப்பட்டுத் தமிழும் சேர்க்கப்பட்டதும் அவர் சபாநாயகராயிருந்த காலத்திலேயே. சபாநாயகர் கட்சி பேசலாகாது. நாவன்மையால் உயர்ந்த வழக்கறிஞர் பதினோராண்டுகள் அந்நெறிக்குக் கட்டுப்பட்டிருந்தார்.

அதற்கு விலையும் கொடுத்தார். 1947 பொதுத் தேர்தலில் ஊர்காவற்றுறைத் தொகுதி அவரைக் கைவிட்டு, ஏ. எல். தம்பிஐயாவைத் தெரிவுசெய்தது. பக்கங்கள் பிரிந்து நிற்கும் காலத்தில் நடுநிலையாளர் இரு திறத்தாருக்கும் அன்னியராகவே தோன்றுவர் போலும். 1966 ஏப்பிரல் 12 இல் அவர் இயற்கை எய்தினார். அவர் இளமையிற் கண்ட ஒன்றுபட்ட இலங்கை அரசியல் அதற்கு முன்னரே மறைந்துவிட்டது.

துரைசுவாமி அவர்கள் எல்லாப் பிளவையும் தடுத்தவரல்லர். தடுக்க முயன்ற இடங்களிலும் பெரிதும் தோற்றவரே. ஆயினும் அவர் வாழ்க்கை ஓர் உண்மையைக் காட்டுகின்றது. கருத்து வேற்றுமையாற் சங்கங்கள் அழிவதில்லை. கொடுத்த வாக்கு பொய்க்கும்போதே அழிகின்றன. ஆலய தருமகர்த்தாப் பதவிக்காக ஊர் இரண்டுபட்டு நீதிமன்றம் ஏறுவதும், ஒரு தலைவர் தெரிவினால் வாலிபர் சங்கம் இரண்டாவதும் நாம் அறியாதனவல்ல. அவ்விடங்களிலும் முதலில் உடைவது நம்பிக்கையே. இக்கல்லூரியை விட்டுச் செல்லும் மாணவர்கள் நாளை பற்பல சபைகளில் இடம்பெறுவர். நிறைவேற்ற இயலாத வாக்கைக் கொடாதிருத்தலும், கொடுத்த வாக்கின் பொருட்டுத் தம் ஆசனத்தை இழக்கத் துணிதலும் அவர்கள் இப்பெரியாரிடம் கற்கத்தக்கன.