தாயையும் சேயையும் காப்பாற்றிய பட்டாள டாக்டர்

1826-ம் ஆண்டு ஜூலை மாதம். தென் ஆப்பிரிக்காவில் உள்ள கேப்டவுன் நகரம்.

வில்ஹெல்மினா முன்னிக் என்ற பெண் பிரசவ வேதனையில் துடித்தாள். குழந்தை வெளியே வரவில்லை. தாயும் சேயும் பிழைப்பது அரிது என்ற நிலைமை.

டாக்டர் ஜேம்ஸ் பாரி வந்தார். பிரிட்டிஷ் பட்டாளத்து டாக்டர். குள்ளமான உருவம். மீசை, தாடி கிடையாது. கீச்சுக்குரல். ஆனால் கை, தேர்ந்த கை.

வயிற்றை அறுத்துத்தான் குழந்தையை எடுக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

பயங்கரமான முடிவு! அப்போது மயக்க மருந்து கிடையாது. ஈதர் கொடுத்து ஆபரேஷன் செய்யலாம் என்பது 1846-ல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. தாய் நினைவோடு இருக்கும்போதே கத்தி வைக்க வேண்டும். அறுத்த கருப்பையைத் தைக்கும் வழக்கமும் இல்லை. ரத்தம் பெருகியும் புண் சீழ் பிடித்தும் பெரும்பாலான தாய்மார்கள் மாண்டார்கள்.

பாரி சுத்தத்தில் பிடிவாதக்காரர். நோய்க் கிருமிகளைப் பற்றி டாக்டர்களுக்கே தெரியாத அந்தக் காலத்தில், நல்ல தண்ணீர், காற்றோட்டம், துவைத்த துணி என்று ஆஸ்பத்திரிகளில் சண்டை போடுவார்.

ஆபரேஷன் நடந்தது. ஆண் குழந்தை! தாயும் பிழைத்துக்கொண்டாள்.

பெற்றோர் குழந்தைக்கு ஜேம்ஸ் பாரி முன்னிக் என்று டாக்டரின் பெயரையே சூட்டினார்கள். அந்தப் பெயர் வழிவழியாக வந்தது. 1924 முதல் 1939 வரை தென் ஆப்பிரிக்காவின் பிரதமராக இருந்த ஹெர்ட்சாக்கின் முழுப்பெயர், ஜேம்ஸ் பாரி முன்னிக் ஹெர்ட்சாக்!

கருப்பையை முறையாகத் தைக்க வேண்டும் என்று 1882-ல் ஜெர்மன் டாக்டர் மாக்ஸ் சாங்கர் எடுத்துக் காட்டினார். அதன் பிறகே தாய்மார்களின் சாவு குறைந்தது. இன்று சிசேரியன் என்றால் நடுங்க வேண்டியதில்லை. பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்கிறார்கள். தாய் விழித்திருப்பாள், வலி தெரியாது. அடிவயிற்றில் குறுக்காக அறுத்து, குழந்தையை எடுத்தபின் தையல் போடுகிறார்கள். குழந்தை குறுக்கே கிடந்தாலோ, நஞ்சுக்கொடி வழியை அடைத்தாலோ, குழந்தையின் இதயத் துடிப்பு தளர்ந்தாலோ இதுதான் வழி. ஆனாலும் இது பெரிய ஆபரேஷன்தான். ரத்த சோகை உள்ள தாய்க்கு ரத்த இழப்பைத் தாங்குவது கஷ்டம். கர்ப்ப காலத்தில் ரத்தம் சோதித்து, டாக்டர் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிடச் சொல்வது இதனால்தான்.

பாரியின் கதைக்கு வருவோம்.

கேப்டவுனுக்குப் பிறகு மொரீஷியஸ், ஜமைக்கா, மால்டா, கனடா என்று பல நாடுகளில் வேலை பார்த்தார். மாமிசம் தொடமாட்டார். முன்கோபி. ஒருமுறை துப்பாக்கிச் சண்டை கூடப் போட்டார்! பட்டாள ஆஸ்பத்திரிகளின் இன்ஸ்பெக்டர் ஜெனரலாக உயர்ந்தார்.

1865-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி லண்டனில் காலமானார். உடலைக் குளிப்பாட்டிய பெண் திடுக்கிட்டாள்.

பாரி ஒரு பெண்!

அயர்லாந்தில் கார்க் நகரில் பிறந்தவர். இயற்பெயர் மார்கரெட் பல்க்லி. அந்நாளில் பெண்களுக்கு டாக்டர் படிப்பு கிடையாது. ஆகவே இறந்துபோன தாய்மாமனின் பெயரை வைத்துக்கொண்டு, 1809-ல் ஆண் உடையில் எடின்பரோ கல்லூரியில் சேர்ந்தார். 1812-ல் பட்டம் பெற்றார். பிறகு சாகும் வரை ஆணாகவே வாழ்ந்தார்.

குளிப்பாட்டிய பெண் இன்னொன்றும் சொன்னாள். பாரியின் வயிற்றில், பிள்ளை பெற்றவர்களுக்கு இருக்கும் வரிகள் இருந்தனவாம்.

அது உண்மையா என்பதற்கு வேறு சாட்சி இல்லை.