ராஜா ரவிவர்மா

விழாநாள் வாழ்த்தெழுதி விடுத்து, நம் பாட்டன்மார் பெட்டிகளிற் பேணிவைத்த பழைய சித்திர அஞ்சலட்டைகள் சிலவற்றில் தாமரைமேல் நிற்கும் இலக்குமியைக் காண்கிறோம். அவ்வுருவை வகுத்தவர் ரவிவர்மா.

இவர் 1848-ஆம் ஆண்டில், திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூரிற் பிறந்தார். அரண்மனை ஓவியராயிருந்த மதுரை இராமசாமி நாயக்கர் தைலவர்ண வித்தையைக் கற்பிக்க இசைந்திலர் என்பர். பிறர் தீட்டுவதை அயல்நின்று நோக்கியே இவர் அதனைப் பயின்றார். 1873-இல் வியன்னா கண்காட்சியிற் பரிசும் பெற்றார்.

மன்னர் மாளிகையில் அடைபட்டிருந்த சித்திரம் எளியோர் இல்லத்திலும் விளங்குதல் வேண்டுமென எண்ணி, 1894-இல் பம்பாயில் அச்சுக்கூடம் ஒன்று நிறுவினார். ஜெர்மனியிலிருந்து இயந்திரங்கள் வந்தன. சகுந்தலையின் பிறப்பு முதற்படமாக வெளிவந்தது. படங்கள் நாடெங்கும் பரவின. பணமோ பரவிய வழியே திரும்பவில்லை. பம்பாயிற் கொள்ளைநோயும் புகுந்தது. அச்சுக்கூடம் லோணாவளாவின் அருகே பெயர்ந்தது. கடன் மிகவே, 1901-இல் அதனை ஷ்லைகர் என்னும் ஜெர்மானியருக்கு விற்றார். தெய்வங்களுக்கு மானிடப் பெண்டிரின் சாயலைத் தந்தாரென இவரைக் குறைகூறுவாரும் உளர்; எமக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

1906-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் ரவிவர்மா காலமானார். அவர் படங்களை அட்டைகளிலும் பதித்து விற்ற அவ்வச்சுக்கூடம் 1972-இல் தீக்கிரையாயிற்று. அதன் அச்சுப்படங்களுட் பல, குடும்பங்கள் வழிவழியாகக் காத்தமையாலேயே இன்று எஞ்சியுள்ளன.