அறிஞர் ஹால்டேனும் உயிரின் தோற்றமும்

உயிரியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1892ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். தொன்மைக் கடல்நீரில் கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் பட்டுக் கரிமச் சேர்மங்கள் உருவாகி, அவற்றிலிருந்து உயிர் தோன்றியிருக்கலாம் என 1929இல் எழுதினார்.

எப்பொருளும் சீர்குலையவே செய்யும் என்பது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியாயின், உயிர் தோன்றி வளர்ந்தது எங்ஙனம் என வினவுவார் உளர். வேலூர், ஆம்பூர்த் தோல் ஆலைகளை அறிந்த நமக்கு விடை எளிதில் விளங்கும். உரித்த தோலை உப்பிடாவிடில் விரைவில் அழுகும். அதே தோல் உயிருள்ள விலங்கின்மேல் பல்லாண்டு கெடாதிருந்தது. உணவால் ஆற்றல் பெற்று, வெப்பத்தைப் புறத்தே விடுத்து, உடல் தன்னைப் புதுப்பித்து வந்ததே காரணம். மொத்தச் சீர்குலைவு குறையாது என்பதே விதி. ஆற்றல் பெறும் ஒரு பகுதியில் ஒழுங்கு மிகலாம். புவிக்குக் கதிரவன் ஆற்றல் அளிக்கிறது. ஆதலின் விதி தடையன்று. முதல் உயிர் தோன்றிய வழியே இன்றும் ஆய்வுக்குரியது.

1957இல் ஹால்டேன் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற்கு வந்தார். பின்னர் இந்தியக் குடிமகனானார். புலால் மறுத்தார், உயிர்களைத் துன்புறுத்தாத ஆய்வுமுறைகளை வலியுறுத்தினார். 1964 டிசம்பர் 1ஆம் நாள் புவனேசுவரத்தில் மறைந்தார். அவர்தம் விருப்பப்படி உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பெற்றது. உயிரின் மூலத்தை ஆராய்ந்த அப்பேரறிஞர் உயிர்களைப் பேணியும் வாழ்ந்தார் என்பதை நம் இளைஞர்க்கு எடுத்துரைப்போமாக.