மடங்கிய விரல்களை நிமிர்த்திய மகான்

நல்ல காலத்தில் நம்பிக்கையோடு இருப்பது எவர்க்கும் எளிது. கருதிய காரியம் கைகூடாமற் போன நாளிலும், நம்பியிருந்த பெரியோர் மறைந்த நாளிலும், சொந்த ஊரிலே இருக்க இடமின்றிப் போன நாளிலும் உள்ளம் தளராது அடுத்த கைங்கர்யத்தைத் தொடங்குவது அரிது. அவ்வரிய செயலைத் தம் வாழ்நாள் முழுவதும் செய்து காட்டியவர் பகவத் ராமானுஜர். எம்பெருமானார், எதிராசர், உடையவர் என்று பல திருநாமங்களால் அடியார்கள் போற்றும் அம்மகானின் சரிதத்தை இத்திருநாட் காலத்தில் நினைப்பது, தளர்ந்த நெஞ்சுக்கு ஊன்றுகோலாகும்.

அவதாரமும் இளமையும்

1017ஆம் ஆண்டு, பிங்கள வருஷம் சித்திரை மாதத் திருவாதிரையில், ஸ்ரீபெரும்பூதூரில் ஆசூரி கேசவ சோமயாஜியாருக்கும் காந்திமதியம்மையாருக்கும் திருக்குமாரராக அவதரித்தார். தாய்மாமனாகிய பெரிய திருமலை நம்பி குழந்தைக்கு இளையாழ்வார் என்று திருநாமம் சாற்றினார். தந்தையாரை இளம்பருவத்திலேயே இழந்தபின் காஞ்சியை அடைந்து, அருகிலுள்ள திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றார்.

ஆசிரியர் சொன்ன பொருள்கள் சில மாணவரின் உள்ளத்திற்கு ஏற்கவில்லை. அதனால் விளைந்த பகை, காசி யாத்திரை என்ற பெயரால் அவரை உயிரோடு திரும்பாமற் செய்துவிடும் சூழ்ச்சி வரையில் வளர்ந்தது. உடன் சென்ற சிற்றன்னையின் மகன் கோவிந்தர் குறிப்பறிந்து எச்சரிக்க, விந்தியக் காட்டில் தனித்துத் தவித்த இளையாழ்வாருக்குப் பேரருளாளனும் பெருந்தேவித் தாயாருமே வேடனும் வேடுவிச்சியுமாக வந்து வழித்துணையாயினர் என்று குருபரம்பரை கூறும். காஞ்சியருகே ஒரு கிணற்றில் அவ்வேடுவிச்சிக்குத் தண்ணீர் முகந்து கொடுத்துத் திரும்பிப் பார்த்தபோது இருவரையும் காணவில்லை.

உயிருக்கே கேடு நினைத்தவர்களைக் குறித்து அவர் மனம் புழுங்கிக் கொண்டிருக்கவில்லை. திருக்கச்சி நம்பிகளின் அறிவுரைப்படி அந்தச் சாலைக் கிணற்றிலிருந்தே நாள்தோறும் தீர்த்தம் எடுத்துவந்து பேரருளாளனுக்குச் சமர்ப்பிக்கும் தொண்டை மேற்கொண்டார். யாதவப்பிரகாசரோ பிற்காலத்தில் அவரிடமே வந்து சீடரானார்.

காலந்தாழ்ந்த பயணம்

திருவரங்கத்தில் ஆளவந்தார் முதுமையுற்றிருந்தார். தமக்குப் பின் தரிசனத்தைத் தாங்க வல்லவர் இளையாழ்வாரே என்று திருவுள்ளம் பற்றி, அவரை அழைத்துவரப் பெரிய நம்பியைக் காஞ்சிக்கு அனுப்பினார். இருவரும் விரைந்து காவிரிக் கரையை அடைந்தபோது, ஆளவந்தார் பரமபதம் அடைந்துவிட்டார். ஒரு நாளேனும் அவர் திருவாயால் நல்வார்த்தை கேட்கலாம் என்று வந்தவருக்குக் கிடைத்தது, சரம கைங்கர்யத்திற்கு ஆயத்தமான திருமேனியின் சேவையே.

அத்திருமேனியில் மூன்று விரல்கள் மடங்கியிருப்பதை இளையாழ்வார் கண்டார். இயல்பாகவே அவை அவ்வாறு இருந்தனவோ என்று உடனிருந்தோரை வினவினார். இல்லை என்று அறிந்ததும், நிறைவேறாத மனோரதங்கள் இருந்தனவோ என்று கேட்டறிந்தார். வியாச சூத்திரங்களுக்கு விசிஷ்டாத்வைத நெறியில் பாஷ்யம் இயற்றுதல், வியாசர், பராசரர் ஆகிய முனிவர்களின் திருநாமங்களை நிலைநிறுத்துதல், நம்மாழ்வாரின் திருவாய்மொழியின் ஏற்றத்தை உலகறியச் செய்தல் ஆகிய மூன்றையும் தாமே முடிப்பதாக அவர் உறுதி கூற, விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன என்பர் பெரியோர்.

அவருக்குத் துயரம் இல்லாமலில்லை. ஆசாரியரைக் காணும் பேற்றைத் தமக்கு அருளாத பெரிய பெருமாளைச் சேவிக்கவும் மனமின்றி அன்றே காஞ்சிக்குத் திரும்பினார் என்று வரலாறு கூறுகிறது. எனினும் அழுத கண்களோடே அவர் அந்த விரல்களைப் பார்த்தார். முடிந்துபோனதைக் காணாமல், முடியவேண்டியதைக் கண்டார். பின்னாளில் அவரால் விளைந்த நன்மைகள் அனைத்திற்கும் வித்து இந்தப் பார்வையே.

ஐவரிடம் பெற்ற செல்வம்

பின்னர் மதுராந்தகத்தில் ஏரிகாத்த பெருமாள் சன்னிதியில் பெரிய நம்பியிடம் பஞ்ச சம்ஸ்காரம் பெற்று, காஞ்சியில் துறவறம் பூண்டு, முதலியாண்டானும் கூரத்தாழ்வானும் உடன்வரத் திருவரங்கம் எழுந்தருளினார். ஆளவந்தார் ஒருவரிடம் கேட்கக் கிடையாததை அவருடைய சீடர் ஐவரிடமும் சென்று கேட்டறிந்தார். பெரிய நம்பி, திருக்கோட்டியூர் நம்பி, திருமாலையாண்டான், திருவரங்கப் பெருமாள் அரையர், பெரிய திருமலை நம்பி என்ற அவ்வைவரும் ஆளவந்தாரிடம் கற்ற பொருளைத் தம்முள் பகிர்ந்து காத்துவந்தவர்கள். திருக்கோட்டியூர் நம்பியிடம் ரகஸ்யார்த்தம் பெற உடையவர் பதினெட்டு முறை நடந்ததை அறியாதார் இலர். பதினேழு முறை திருப்பியனுப்பப்பட்டவர், பதினெட்டாம் முறையும் அதே பணிவோடு சென்றார்.

ஸ்ரீபாஷ்யம்

மூன்று உறுதிமொழிகளுள் பாஷ்யமே பெரும்பணி. அதற்கு இன்றியமையாத போதாயன விருத்தியைத் தேடி ஆழ்வானுடன் காஷ்மீர தேசம் சென்றார். பெருமுயற்சியால் கிடைத்த சுவடி, திரும்பும் வழியில் அவ்விடத்தாரால் பறித்துச் செல்லப்பட்டது. எல்லாம் வீணாயிற்றே என்று வருந்தும் வேளையில், இரவுகளில் உறங்காது தாம் அதனை முழுவதும் படித்து நெஞ்சில் பதித்திருப்பதை ஆழ்வான் விண்ணப்பித்தார்.

திருவரங்கத்தில் உடையவர் சொல்ல ஆழ்வான் எழுதினார். தமக்கு உடன்பாடில்லாத இடத்தில் எழுத்தை நிறுத்திவிடுமாறு உடையவரே முன்னதாக நியமித்திருந்தார். ஜீவாத்ம லக்ஷணம் கூறும் இடத்தில் ஆழ்வானின் எழுத்தாணி நின்றது. சீற்றமுற்று எழுந்து சென்ற உடையவர், தனித்திருந்து ஆராய்ந்து, சீடர் கொண்ட பொருளே சரியென்று தெளிந்து, திரும்பி வந்து தொடர்ந்தார். தலைவராயிருப்பவர், தம்மைத் தடுக்கவல்ல ஒருவரை அருகில் வைத்துக்கொள்வதும், அவர் தடுத்தபோது திருத்திக்கொள்வதும் எவ்வளவு இன்றியமையாதன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா. ஸ்ரீபாஷ்யம் நிறைவெய்தியது, முதல் விரல் காட்டிய கடமை தீர்ந்தது.

மற்ற இரண்டும் பிறர் வாயிலாகவே நிறைவேறின. ஆழ்வானின் திருக்குமாரர்களுக்குப் பராசரர், வேதவியாசர் என்ற திருநாமங்கள் சாற்றப்பட்டன. திருவாய்மொழிக்கு முதல் வியாக்கியானமாகிய ஆறாயிரப்படியை உடையவரின் நியமனத்தால் அருளிச்செய்தவர் திருக்குருகைப்பிரான் பிள்ளான். எல்லாவற்றையும் தாமே செய்து முடிக்கவேண்டும் என்று எண்ணாமல், தக்கவரைக் கண்டு அவர் கையில் ஒப்படைத்தமையாலேயே பணி அவர் காலத்தோடு நின்றுவிடவில்லை.

வெள்ளையாடையில் ஒரு பயணம்

சோழ மன்னனால் நேர்ந்த இடர் எல்லாவற்றினும் கொடியது. உடையவருக்குப் பதிலாக ஆழ்வான் காஷாயம் தரித்துப் பெரிய நம்பியோடு அரசவை சென்றார். ஆழ்வான் கண்களை இழந்தார். முதியவரான பெரிய நம்பி அத்துன்பத்திலேயே வழியில் பரமபதித்தார். வெள்ளையாடை உடுத்து மேல்நாட்டிற்குச் சென்ற உடையவர் இச்செய்தி கேட்டுக் கலங்கினார். ஆயினும், திரும்பும் நாளை எண்ணிக்கொண்டு அங்கே வாளாவிருக்கவில்லை.

போசள நாட்டுத் தொண்டனூரில் பிட்டிதேவன் என்னும் அரசனை ஆட்கொண்டு விஷ்ணுவர்த்தனன் ஆக்கினார். மண்ணுள் மறைந்திருந்த திருநாராயணனை வெளிப்படுத்தி, மேல்கோட்டையாகிய திருநாராயணபுரத்தில் திருவாராதனமும் உற்சவங்களும் சிறக்கச் செய்தார். கோயிலுக்குள் இடம் பெறாதிருந்த மக்களுக்குத் திருக்குலத்தார் என்று பெயரிட்டு, திருநாளில் உட்புகுந்து சேவிக்கும் உரிமையையும் வகுத்தார். அடைக்கலம் தேடிச் சென்றவர், அங்கே பிறர்க்கு அடைக்கலம் அளித்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின் அரங்கம் திரும்பும்போது அங்கிருந்த ஐம்பத்திருவர் பிரிவாற்றாது வருந்த, தம் திருவுருவத்தையே அவர்களுக்கு அளித்து ஆறுதல் கூறினார். தமருகந்த திருமேனி என்று அது இன்றும் சேவிக்கப்படுகிறது.

திரும்பி வந்தவர், பார்வையிழந்த ஆழ்வானைத் தழுவிக் கண்ணீர் சொரிந்தார். கச்சி வரதனிடம் கண் வேண்டுமாறு அவர் நியமிக்க, ஆழ்வானோ தமக்குக் கேடு சூழ்ந்த நாலூரானும் நற்கதி பெறவேண்டும் என்று பிரார்த்தித்தார். காழ்ப்பில்லாத நம்பிக்கை குருவிடமிருந்து சீடருக்கும் இறங்கியிருந்தது.

நிறைவு

திருவரங்கத்தில் கோயில் நிர்வாகத்தைச் சீர்படுத்தி, எழுபத்து நான்கு சிம்மாசனாதிபதிகளை நியமித்து, 1137ஆம் ஆண்டில், 120ஆம் திருநட்சத்திரத்தில் எம்பெருமானார் திருநாட்டுக்கு எழுந்தருளினார். 2017ஆம் ஆண்டில் அவருடைய ஆயிரமாவது திருவவதார விழா நாடெங்கும் கொண்டாடப்பட்டது.

திருநாளுக்கு வரும் அடியார் ஒவ்வொருவரின் இல்லத்திலும் மடங்கிய விரல் ஒன்று இருக்கக்கூடும்: பெற்றோர் எண்ணி முடியாத தருமம், பாதியில் நின்ற ஊர்ப்பணி, பிரிந்துபோன உறவு. உடையவர் சன்னிதியில் கைகூப்பும்போது, அவற்றுள் ஒன்றையேனும் தாம் ஏற்று நடத்துவதாகச் சங்கற்பம் செய்துகொள்வது அவருக்கு உகந்த வழிபாடாகும். எம்பெருமான் துணையிருப்பான் என்ற உறுதியோடு தொடங்கினால், கை கொடுக்க ஆழ்வானைப் போன்ற அன்பர்களும் வந்து சேர்வர்.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.